பேரம் பேசும் பக்கம்

மைக்செட் என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். அந்தப் பாவத்தில் பங்கு இருப்பதால்தான் இதைச் சொல்லவும் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

நேரில் நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், அவர் மனைவியை அண்ணி என்று. அவருக்குச் சூட்கேஸ் கடை. எதிர்ச்சாரியில் எனக்குக் குடைக்கடை. மூன்று மாதம் வியாபாரம், ஒன்பது மாதம் வேடிக்கை என்பதுதான் குடைக்காரன் பிழைப்பு. அந்த ஒன்பது மாதமும் நான் பார்த்த வேடிக்கை அவர்தான். தெருமுனையில் பஸ் இறங்குகிறவனுக்கு முதலில் அவர் குரல் வரும், அப்புறம்தான் கடை வரும். பெட்டிகளுக்குள் பழைய பேப்பரைக் கசக்கி அடைத்து, விருந்து சாப்பிட்டவன் வயிறு மாதிரி வாசலில் நிறுத்தியிருப்பார். "உறுதியா இருக்குமா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் மேல் ஏறிக்கொள்வார். எழுபத்தெட்டு கிலோ. பேரமெல்லாம் அங்கே நின்றபடிதான்.

"பாதி விலைக்குத் தருவீங்களா?"

"தரேனே! எந்தப் பாதி வேணும்? சக்கரம் இருக்கிற பாதியா, கைப்பிடி இருக்கிற பாதியா?"

"நாலு கடை தள்ளி இதே பெட்டி கம்மியா சொல்றாங்க."

"இருக்கும். அங்க ஏறி நிக்கச் சொல்லுங்க. நான் வந்து பாக்கறேன்."

விலை படிந்து, பெட்டி கை மாறி, வாங்கியவர் பழக்கதோஷத்தில் நன்றி என்று சொல்லிவிட்டால் மட்டும் அவருக்கு முகம் சுருங்கும். "நன்றியெல்லாம் எதுக்கு? அது கடைய மூடிட்டுப் போறவன் சொல்றது. மறுபடி வரேன்னு சொல்லுங்க" என்பார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

போன வருஷம் அவர் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். "பாதிய விட்டு வைக்க முடியாதுங்களா?" என்று அண்ணி கேட்டாராம். டாக்டர் சிரிக்கவில்லை. அண்ணியும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி, கையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு சிலேட்டு. தொண்டையில் வைத்து அழுத்தினால் பேசுகிற கருவி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி ஒரு சத்தம். முதல் நாளே ஒரு குழந்தை அதைக் கேட்டு மிரண்டு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. அன்றைக்கே அந்தக் கருவி மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

சிலேட்டில் பேரம் நடக்காது. வாயால் சொன்ன விலை காற்றில் மிதக்கும். சிரித்துக்கொண்டே இறக்கலாம், கோபித்துக்கொண்டே ஏற்றலாம். எழுதின விலை ஆணி அடித்தது போல நிற்கும். அதை அழித்து இன்னொன்று எழுதும்போதே, இவன் தோற்றுவிட்டான் என்று எதிரில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். ஒருத்தன் அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கித் தன் விலையைத் தானே எழுதிக் காட்டினான். அடுத்த நாளிலிருந்து அண்ணன் கடைக்கு வரவில்லை. கடைக்கு மேலேயே வீடு. மாடியில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

கடையில் அண்ணி உட்கார்ந்தார். இருப்புக் கணக்கில் புலி. ஆனால், "குறைச்சுக்க முடியாதா?" என்று யாராவது கேட்டால் "முடியாதுங்க" என்று சொல்லி நிறுத்திவிடுவார். அது பேரமில்லை, வாசற்கதவைச் சாத்துவது.

"எனக்கு வாய் வராது தம்பி" என்றார் ஒரு நாள். "கடை போனாப் போகட்டும். இவரு போயிடுவாரு போல இருக்கு. டாக்டர் நல்லா முழுங்கலாம்னு சொல்லிட்டார். குழைய வேக வச்ச சோறு, சூப்பு எல்லாம் கொண்டு போனா, கிண்ணத்த தள்ளி வைக்கிறாரு. அவருக்கு உசுரே அந்தப் பேச்சுலதான இருந்துச்சு."

நான் என் கடையில் இருந்த குடைகளை ஒவ்வொன்றாக விரித்து மடக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பெண் கையில் நோட்டீஸ் கட்டோடு வந்து, சூட்கேஸ் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டது. இணையதளம் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். மாணவர்களே நடத்தும் பட்டறை. ஆறு சனிக்கிழமைகள். வயது வரம்பு இல்லை, கட்டணம் இல்லை. எங்கள் தெருவில் கட்டணம் இல்லை என்று சொன்னால் பொருளைத் திருப்பிப் பார்ப்பார்கள். அண்ணியும் நோட்டீஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இது கத்துக்கிட்டு என்னம்மா செய்யறது?"

"உங்க கடைய நெட்ல காட்டலாம் ஆன்ட்டி."

"காட்டறதுக்குத்தான் வாசல்லயே வச்சிருக்கேனே."

"அது போர்டு மாதிரி. சும்மா நிக்கும். நாங்க சொல்லித் தர்ற பக்கம் ஆள் மாதிரி. யாரு என்ன கேக்கறாங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி பதில் சொல்லும்."

நோட்டீஸ் ஒட்ட டேப்பை நீட்டிக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. "பதில் சொல்லுமா?"

"நாம எழுதி வச்ச பதில்தான். ஆனா சொல்லும்."

"பேரம் பேசுமா?"

அந்தப் பெண் சிரித்தது. அண்ணி சிரிக்காததைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரி செய்துகொண்டது. "எழுதினா... பேசும் ஆன்ட்டி."

சனிக்கிழமை என் ஸ்கூட்டரில் கல்லூரி லேபுக்குப் போனோம். மழைக்காலம் முடிந்திருந்தது, என் கடையைப் பூட்டினால் யாரும் அழப்போவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஐஸ் பெட்டிக் குளிர். பதினெட்டு பேர், எல்லாம் பதினெட்டு வயது. ஐம்பத்திரண்டு வயதில் அண்ணி ஒருவர், கடைசி பெஞ்சில் துணைக்கு நான். கண்ணாடிப் பெண்ணும் அதன் கூட்டாளி ஒருவனும்தான் பட்டறையை நடத்தினார்கள். அவன் உயரத்துக்கு நான் கம்பம் என்று பெயர் வைத்தேன். வாய் நிறைய பிஸ்கட்டோடு பாடம் நடத்துவான். நடுவில் ஒரு சீனியர் கூப்பிட்டால் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவான். மாணவர்கள் நடத்துவதில் அதுவும் ஒரு பாடத்திட்டம்.

அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவர். விரல் ஓடியது. ஆனால் இரண்டாம் வாரம் அவர் திரை ஒன்றுமே காட்டாமல் வெள்ளையாக நின்றது.

"ஆன்ட்டி, இருபத்தி மூணாவது வரி முடிவுல ஒரு குறி விட்டுப்போச்சு."

"அதுக்கா இந்த முழி முழிக்குது? ஒரு குறிக்கு இவ்வளவு கோவமா? என் மாமியாரே தேவல."

கம்பத்துக்குப் புரையேறி, பிஸ்கட் விசைப்பலகை மேல் விழுந்தது. அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு அண்ணி செல்லமாகிவிட்டார்.

கண்ணாடிப் பெண் சொல்லிக் கொடுத்தது எனக்குப் புரிந்த மட்டில் இவ்வளவுதான். உள்ளே ஒரு பட்டியல் இருக்கும். பெட்டியின் பெயர், முதல் விலை, கடைசி விலை. வெளியே இருப்பவன் ஒரு விலை கேட்பான். பக்கம் உள்ளே போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லும். கடைசி விலையை அடிக்கும்போது அண்ணி இடது கையால் திரையை மறைத்துக்கொண்டார்.

"இத வெளில காட்டிடாதே கண்ணு. எங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"பக்கத்துக்கும் தெரியணும் ஆன்ட்டி."

"அது வீட்டு ஆளு."

இன்னொரு பட்டியலும் வேண்டியிருந்தது. பாதிக்குக் கேட்டால் என்ன சொல்வது, முக்காலுக்குக் கேட்டால் என்ன சொல்வது, மூன்றாம் தடவை அதே விலையைக் கேட்டால் என்ன சொல்வது. அந்தப் பதில்கள் மாடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தன.

அன்று சாயங்காலம் மருந்து வாங்கிக்கொண்டு நானும் மாடிக்குப் போனேன். அண்ணி ஒரு நோட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏங்க, பாதிக்குக் கேட்டா என்ன சொல்வீங்க?"

முதுகு அசையவில்லை.

"சரி விடுங்க. 'தர இயலாது, மன்னிக்கவும்'னு எழுதிட்டேன்."

முதுகு திரும்பியது. அவமானப்பட்டவனின் முகம். சிலேட்டைப் பிடுங்கி, சாக்பீஸ் உடைகிற மாதிரி எழுதினார்: எந்தப் பாதி? சக்கரமா, கைப்பிடியா?

அண்ணி என்னைப் பார்க்காமல் நோட்டில் அதை எழுதிக்கொண்டார். வாய் வராது என்று சொன்னவர் வாழ்க்கையிலேயே பெரிய பேரத்தை அப்போதுதான் முடித்திருந்தார்.

அதற்குப் பிறகு வெள்ளம்தான். அண்ணன் எழுத, அண்ணி நோட்டில் ஏற்ற, அண்ணன் அழிக்க, மறுபடி எழுத. சிலேட்டு போதாமல் கதவில் எழுதினார். 'இந்த விலைக்குக் கொடுத்தால் நானே இந்தப் பெட்டியில் துணியை வைத்துக்கொண்டு ஊரை விட்டுப் போக வேண்டியதுதான்.' 'கேட்டது கேட்டீர்கள், பெட்டி காதில் விழாமல் கேட்கக் கூடாதா? கோபத்தில் இனி பூட்டே திறக்காது.' கல்யாணப் பெண்ணுக்கு வாங்குகிறவனுக்கு ஒன்று, வெளியூர் வேலைக்குப் போகிறவனுக்கு ஒன்று, சும்மா பொழுது போகக் கேட்கிறவனுக்கு மூன்று. நூற்று நாற்பத்து மூன்று பதில்கள். கிண்ணத்தில் சோறு மிச்சம் இல்லாமல் கீழே வந்தது. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் எழுதுகிறார் என்று அண்ணி திட்டினார். அவ்வளவு சந்தோஷமான திட்டை நான் கேட்டதில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை பக்கம் பேசியது. அண்ணி தன் இடத்தில் இருக்க, என்னைக் கோடியில் இருந்த வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பினார். வியாபாரி வீட்டு மனுஷி. தன் கையில் இருப்பதை மட்டும் நம்பமாட்டார். கம்பம் ஒரு நம்பர் சொன்னான். நாலு எண்கள், நடுவே மூன்று புள்ளிகள். நான் அதை அடித்தேன். பெட்டிகள் வந்து நின்றன. பெரிய நீலப் பெட்டிக்குப் பாதி விலை கேட்டேன்.

எந்தப் பாதி? சக்கரமா, கைப்பிடியா?

முக்கால் கேட்டேன். பெட்டி காதில் விழாமல் கேட்கக் கூடாதா என்றது. திரையில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி, தெரியுது! பேசறாரு!"

இன்னும் இரண்டு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கச் சொன்னார். அதிலும் வந்தது.

"எந்த மெஷின்ல வேணாலும் இந்த நம்பர் போட்டா வரும் ஆன்ட்டி" என்றான் கம்பம்.

"எந்த மெஷின்லயும்?"

"எந்த மெஷின்லயும். அடுத்த வாரம் ஒரு சின்ன வேலை பாக்கி. அதோட முடிஞ்சுது."

அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், ஓடிவிட்டான். அண்ணி உள்ளங்கையில் நம்பரை எழுதிக்கொண்டார்.

ஆறாவது வாரம் நடக்கவில்லை. தேர்வு தேதி முன்னால் வந்துவிட்டது, வகுப்பு ரத்து, ஒத்துழைப்புக்கு மகிழ்ச்சி, சான்றிதழ் பிறகு அனுப்பப்படும் என்று செய்தி வந்தது. பாக்கி இருந்த சின்ன வேலை சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டோம்.

"அத வாங்கி நான் என்ன வேலைக்கா போகப் போறேன்?" என்றார் அண்ணி.

பெட்டியைப் போட்டுக் கொடுக்கும் கவர் மூவாயிரத்தில் அந்த நம்பரை அச்சடித்தோம். 'எங்களோடு பேரம் பேச' என்று மேலே ஒரு வரி. அச்சகக்காரர், "போன் நம்பர்ல ஏம்மா புள்ளி?" என்று கேட்டார். "இது வேற நம்பர், உங்களுக்குப் புரியாது" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். அண்ணியிடமும் என்னிடமும் இருந்தது பட்டன் போன். மூன்று மெஷினில் சோதித்தாயிற்று. நாலாவதில் சோதிக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் முகம் மழித்துக்கொண்டு, கழுத்துக்குப் புதுத் துணி கட்டிக்கொண்டு கடைக்கு இறங்கி வந்தார். யாராவது விலை குறைக்கச் சொன்னால் செருப்பைக் கழற்றிப் பெட்டி மேல் ஏறினார். வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டே கவரில் இருந்த நம்பரைத் தட்டிக் காட்டினார். வீட்டுக்குப் போய்ப் பேசு, அங்கே இருக்கிறேன் என்று கையால் ஒரு சைகை. வந்தவர்கள் குழம்பினார்கள், சிலர் சிரித்தார்கள். ஆனாலும் கவரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: இன்னிக்கு எத்தனை பேர் பேசினாங்க?

பேசுவதெல்லாம் ஒரு பட்டியலில் பதிவாகும், கல்லூரியில் போய்ப் பார்க்கலாம் என்று கண்ணாடிப் பெண் சொல்லியிருந்தது. கல்லூரியில் தேர்வு. உள்ளே விடமாட்டார்கள். அண்ணி ஒரு நொடி யோசித்தார்.

"பத்து பேரு."

என்ன கேட்டாங்க?

"ஒருத்தன் பாதிக்குக் கேட்டானாம். சக்கரமா கைப்பிடியான்னு கேட்டதும் ஓடிட்டானாம்."

அண்ணன் தோள் குலுங்கியது. குரல் இல்லாதவன் சிரிப்பு தோளில்தான் தெரியும். மறுநாள் பன்னிரண்டு பேர். அதற்கு மறுநாள் ஒரு அம்மா ஒன்பது தடவை விடாமல் கேட்டாளாம். தினமும் அண்ணி ஒரு வாடிக்கையாளரைப் பெற்றெடுத்தார். வாய் வராத மனுஷிக்கு அவ்வளவு கதை எங்கிருந்து வந்ததோ. நானும் பக்கத்தில் நின்று, "நேத்து ஒருத்தன் என்கிட்டயே வந்து சொன்னான் அண்ணே" என்று ஒத்து ஊதினேன். மூன்று வாரம் இப்படிப் போனது. சோற்றுக் கிண்ணம் காலியாகவே கீழே வந்தது.

ஒரு மத்தியானம் ஒரு பெண்மணி கவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி உள்ளே பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, நம்பர்னு போட்டிருக்கீங்க, ஒண்ணுமே வரல? என் பையன் வீட்ல போட்டுப் பாத்தான், ஆபீஸ்ல போட்டுப் பாத்தான். இப்படி ஒண்ணு உலகத்துலயே இல்லங்கறான். யாருக்குமே வராதாம்."

அண்ணி உள்ளேயிருந்து வேகமாக வந்தார். "இன்னிக்கு மட்டும் ஏதோ கோளாறு..."

"இன்னிக்கா? நான் பெட்டி வாங்கி மூணு வாரம் ஆச்சு."

அண்ணன் அந்தப் பெண்மணியைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தார். பிறகு எதிர்ச்சாரியில் என்னைப் பார்த்தார். எதிரில் நிற்பவன் கண்ணைப் பார்த்தே அவன் பையில் என்ன இருக்கிறது என்று முப்பது வருஷம் சொன்னவர் அவர். சிலேட்டை எடுத்து, அதில் எதுவும் இல்லாமலேயே மெதுவாகத் துடைத்தார். எழுந்து மாடிக்குப் போனார்.

அடுத்த நாள் கல்லூரிக்குப் போனோம். லேப் வாசலில் ஒரு ஊழியர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கடைசித் தேர்வு முடிந்து படியில் உட்கார்ந்திருந்த கண்ணாடிப் பெண், அண்ணியைப் பார்த்ததும் ஓடி வந்தது. கவரில் அச்சடித்த நம்பரைப் பார்த்ததும் அதன் முகத்தில் ரத்தமில்லை.

"ஐயோ ஆன்ட்டி... இது லேப் நம்பர். ஒரு கட்டடத்துக்குள்ள இன்டர்காம் இருக்கும்ல, அது மாதிரி. இந்த ரூமுக்குள்ள மட்டும்தான் கேக்கும். வெளில ஏத்தறதுதான் ஆறாவது வகுப்பு."

"அந்தச் சின்ன வேலை" என்றார் அண்ணி.

"அதான் ஆன்ட்டி."

"சரி, இப்ப ஏத்திடேன் கண்ணு."

அந்தப் பெண் ஊழியரைப் பார்த்தது. அவர் சுருட்டின வயரைக் கீழே வைத்தார். "செமஸ்டர் முடிஞ்சா எல்லா மெஷினையும் துடைச்சுப் புதுசா போட்டுடுவோம்மா. போன வெள்ளிக்கிழமையே முடிஞ்சுது. காப்பி எதுவும் எடுத்து வைக்கலையா?"

எடுத்து வைக்க வேண்டும் என்று அண்ணிக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். பெண் அழ ஆரம்பித்தது. அண்ணிதான் அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"நோட்டு இருக்குல்ல ஆன்ட்டி? வேலைக்கு ஊர் மாறிப் போறேன். ஆனா அங்கிருந்தே மறுபடி பண்ணித் தரேன். நெஜமா."

"இருக்கு கண்ணு. நீ போய்ட்டு வா."

ஸ்கூட்டரில் திரும்பினோம். சிக்னலில் நின்றபோது அண்ணி சொன்னார். "பக்கம் போனது போகட்டும் தம்பி. அத மறுபடி செஞ்சிக்கலாம். தினம் பத்து பேரு, பன்னெண்டு பேருன்னு சொன்னேனே. அவர்கிட்டயே விலைய ஏத்திச் சொல்லிட்டேனே."

வீட்டுக்கு வந்து நோட்டைத் தேடினார். வைத்த இடத்தில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. கதவில் எழுதியிருந்ததெல்லாம் ஈரத்துணியால் துடைக்கப்பட்டிருந்தது.

நாலு நாள் கழித்து அண்ணன் கடைக்கு வந்தார். வழக்கம்போல் காலையில் பெட்டிகளை வாசலில் அடுக்கினார். மதியத்துக்கு மேல் மழை மாதிரி ஒரு இருட்டு கட்டியது. யாரோ ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னார். அண்ணன் திறந்து, உள்ளே அடைத்திருந்த காகிதத்தை எடுத்துத் தரையில் போட்டார். எப்போதும் பழைய பேப்பர் இருக்கும். இது கோடு போட்ட தாள். எதிர்ச்சாரியிலிருந்தே அண்ணியின் கையெழுத்து எனக்குத் தெரிந்தது. வந்தவர் பெட்டியை வாங்காமல் போய்விட்டார். அண்ணன் அந்தத் தாளைப் பொறுக்கி, மறுபடி கசக்கி உள்ளே வைத்து மூடினார்.

நான் தெருவைத் தாண்டிப் போனேன். எனக்குப் பெட்டி எதற்கு? குடைக்காரன் எந்த ஊருக்குப் போகிறான்? ஆனால் வேறு வழி தெரியவில்லை.

"அண்ணே, அந்தப் பெரிய நீலப் பெட்டி என்ன விலை?"

சிலேட்டில் எழுதினார். கடைசி விலையாகத்தான் இருக்க வேண்டும். அவர் அப்படி ஒரு விலையில் ஆரம்பித்து நான் பார்த்ததில்லை.

"பாதிக்குத் தரீங்களா?" என்றேன் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. வயிற்றெரிச்சல் கிளப்ப வேண்டும் என்று இன்னும் இறங்கினேன். "பாதி கூட அதிகம் அண்ணே, சக்கரம் ஆடுது. கால் விலை. கால் விலைன்னா எடுத்துக்கறேன், இல்லன்னா நாலு கடை தள்ளிப் போறேன். என்ன சொல்றீங்க?"

உள்ளே அண்ணி துடைத்துக்கொண்டிருந்த துணியோடு எழுந்து நின்றார். அண்ணன் சிலேட்டைக் கையில் எடுத்தார். சாக்பீஸைத் தேடினார். எழுதுங்க அண்ணே. சக்கரமா, கைப்பிடியா. எழுதுங்க.

அவர் சிலேட்டை மடியில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். சரி என்று. எழுந்து நீலப் பெட்டியைத் தூக்கி வந்து, துணியால் துடைத்து, அச்சடித்த கவரில் போட்டு, கைப்பிடியை என் பக்கம் திருப்பி வைத்தார். கால் விலையை எடுத்து நீட்டினேன். எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, நான் சும்மா..."

அவர் சிலேட்டில் ஏதோ எழுதி, நிதானமாக என் பக்கம் திருப்பினார்.

நன்றி.